கட் சொல்ல மறந்த டைரக்டர்

கேமராமேனாக அவர் கொடிகட்டிப் பறந்த காலத்தில், படப்பிடிப்பில் எல்லாரும் நடிகரைப் பார்த்தால் இவர் மட்டும் ஜன்னலைப் பார்ப்பார். வெயில் இம்மியளவு மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை கதாநாயகி தேம்பித் தேம்பி அழுது முடித்ததும், "அந்தத் திரைச்சீலையில வெளிச்சம் என்னமா விழுந்துச்சு, பாத்தீங்களா?" என்று அவரிடமே கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி எடிட்டர். வீட்டிலும் தாட்சண்யம் கிடையாது. "நீங்க எடுத்தா சுவர்கூட நல்லா நடிக்குதுங்க. மனுஷங்கதான் பாவம்," என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பது வயதில் டைரக்டர் ஆசை வந்தது. ஆசை யாரை விட்டது? பல வாசல் ஏறி இறங்கிய பிறகு ஒரு தயாரிப்பாளர் மனமிரங்கினார். ஆனால் முதலிலேயே கறாராகப் பேசிவிட்டார்.

"முதல் நாள் நானே செட்டுல உக்காந்து பாப்பேன். அழகா மட்டும் இருந்தா போதாது, மனசைத் தொடணும். இல்லேன்னா வேற டைரக்டரை வெச்சு முடிச்சுக்குவேன். கோவிச்சுக்கக் கூடாது."

மனிதர் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

முதல் காட்சி சின்னதுதான். வேலைக்காக வெளியூர் போகும் மகளை வழியனுப்பிவிட்டு அம்மா கதவைச் சாத்த வேண்டும். கேமராவைப் பிடித்திருந்தவர் இவருடைய பழைய உதவியாளர். இவர் "ஆக்‌ஷன்" என்றார். மகள் போனாள். அம்மாவாக நடித்தவர் கதவைச் சாத்தினார். காட்சி முடிந்தது.

"கட்" மட்டும் வரவில்லை. இத்தனை வருஷமும் அதைச் சொன்னது வேறு யாரோ. பழக்கதோஷம், இப்போதும் யாராவது சொல்வார்கள் என்று மனிதர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். டைரக்டர் வாயைத் திறக்காமல் கேமராவை யார் நிறுத்துவது? அது ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மாவாக நடித்தவர் பழம் தின்று கொட்டை போட்டவர், அசரவில்லை. மேசைக்கு வந்தார். மகள் பாதி குடித்து வைத்த டீ இருந்தது. கழுவுவதற்காகக் கோப்பையை எடுத்தவர் அப்படியே நின்றார். ஆறிப்போன அந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். கழுவாமலே கோப்பையைத் திரும்ப வைத்தார்.

பக்கத்தில் நின்றிருந்த மனைவி இவர் விலாவில் ஓர் இடி இடித்தார். "சொல்லித் தொலைங்களேன்!"

"ஆ... கட்!"

பழைய உதவியாளர் முகம் செத்துப்போய் ஓடிவந்தார். "அண்ணே, கதவைச் சாத்தினதுமே மேகம் வந்துடுச்சு. ஜன்னல் வெளிச்சம் மொத்தமும் போயிடுச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"வெளிச்சம் போச்சா? எப்போ?"

தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "நான் வீட்டுக்குக் கிளம்புறேன். இங்க எனக்கு என்ன வேலை? நீங்க அடுத்த சீனை எடுங்க, டைரக்டர்."