சாம்பிராணி மணத்த பன்னிரண்டு பெட்டிகள்

தேயிலை வியாபாரத்தில் வாங்குகிறவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. மாதிரிக்கு அனுப்பும் டப்பாவைத்தான் பார்க்கிறார். முகம் தெரியாதவருக்குச் சரக்கு அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்த அன்பர்களுக்கு நான் பட்ட பாடு விளங்கும்.

பஸ்ராவின் மூக்கு

ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பு என்னுடையது; நான் டீமேக்கர். ஈராக்கின் பஸ்ரா நகரத்து வியாபாரி ஒருவர் கொழும்புக் கம்பெனி மூலம் எங்கள் தூளை வாங்கத் தொடங்கியிருந்தார். முதலில் மாதிரி போகும். அவர் சரி என்றால்தான் பெட்டிகள் போகும். ஒரு தடவை ஒரே தூளுக்கு மூன்று டப்பா கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார். "அந்த மனுசன் சொந்தத் தம்பியையும் மாதிரி பாத்துத்தான் நம்புவார், ஐசே."

பூசையும் தூளும்

அந்த வருடம் ஆயுத பூசைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டோம். பஸ்ராக்காரர் மாதிரி பார்த்துச் சரி சொல்லிவிட்ட தூள் பக்கத்திலேயே திறந்து குவிந்து கிடந்தது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பன்னிரண்டு பெட்டிகளில் அடைத்து ஆணியும் அடித்தாயிற்று. தூள் சலிக்கும் பாக்கியம், மிச்சத்தில் ஒரு பிடி எடுத்துக் கையில் பொத்தி, வாயால் சூடாக ஊதி முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "ஐயா, இதக் குடிச்சா சாமி வந்துரும் போலருக்குங்க."

துரையின் முன்னால்

பெட்டிகளை ரயிலேற்றினால் பஸ்ராக்காரர் நம்மைக் கைவிட்டுப் போய்விடுவார்; உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். தோட்டத்து மேலாளரான துரையிடம் போய், தூளை மூடாமல் பூசை வைத்தது என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் நடந்ததை நடந்தபடியே பஸ்ராவுக்கு எழுதினார். அந்தப் பன்னிரண்டும் வராது, வேறு தூளுக்குப் புதிய மாதிரி அனுப்புகிறோம் என்றும் எழுதினார். பதில் வரும்வரை என் மனைவி மூட்டை கட்டத் தயாராகவே இருந்தாள்.

பல வாரம் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை அவரே படித்துக் காட்டினார். "கெட்டதைத் தாமாகவே சொல்கிறவர்களிடம் மாதிரி எதற்கு? இனி டப்பா வேண்டாம், பெட்டியையே அனுப்புங்கள்."

பாக்கியம் சொன்னது

அந்த முகம் தெரியாத மனிதருக்கும், நமக்கென்ன என்று போகாத பாக்கியத்துக்கும் நான் இன்றுவரை கடமைப்பட்டவன். கடிதம் வந்த அன்றே சல்லடைக்குப் பக்கத்தில் போய் நன்றி சொன்னேன். பாக்கியம் கையை நிறுத்தவில்லை. "அடுத்த வருசம் சாம்பிராணிய வாசல்ல போடுவோங்க. சாமிக்கு அங்கேருந்தே எட்டும்."

பஸ்ராக்காரர் முகர்வதை நிறுத்திய நாளிலிருந்து, ஒவ்வொரு பெட்டியையும் ஆணி அடிக்குமுன் முகர்ந்து பார்க்கிற வேலை என் மூக்குக்கு வந்து சேர்ந்தது.