மூக்கம்மாள் சோதிக்காத ஒரு பை

சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரம் மூக்கம்மாளுக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போனது. முதலில் திரி வெட்டினாள், பிறகு பெட்டி மடித்தாள், கடைசிப் பதினோரு வருஷமாக சூப்பர்வைசர். காலையில் வாசலில் நின்று, வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. செருப்பு வெளியே, செல்போன் வெளியே, கொண்டை ஊசி வெளியே. உரசிப் பொறி கிளப்பும் நைலான் சேலை கட்டி வந்தால் ஆளே வெளியே. முதலாளியின் மகள் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தபோது அவளுடைய கைப்பையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அந்தப் பெண் முகம் சுளித்தது. மூக்கம்மாள் சுளிக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் திருச்செந்தூருக்கு வேனில் போனபோது, டிரைவர் சாத்தான்குளம் பக்கமாகச் சுற்றிப் போனான். வழியில் மண் குன்று குன்றாகக் கிடந்தது. செக்கச்செவேல் என்று, சலித்துக் கொட்டியது போல, கல்லோ கட்டியோ இல்லாமல். நடுவில் பனைமரங்கள் கழுத்து வரை புதைந்து நின்றன.

"நிப்பாட்டுப்பா, பாத்துட்டுப் போவோம்" என்றாள்.

"அங்கன என்னக்கா இருக்கு? வெறும் மண்ணு. நடை சாத்திருவாக" என்று டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

அதற்குப் பிறகும் நாலு தடவை திருச்செந்தூர் போனாள். யாரும் நிப்பாட்டவில்லை. சிவகாசிப் பக்கத்துப் பெண்கள் வேனில் ஏறினால் கோயில், இறங்கினால் கோயில். மிஞ்சினால் குற்றாலம். அதற்கு அப்பால் சும்மா போய்ப் பார்க்க ஒரு இடம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் மகன் ராம்குமார்தான் செல்போனில் கண்டுபிடித்துச் சொன்னான். தேரிக்காடு என்கிற அந்தச் செம்மணல் குன்றுகளில் செந்தூர்பாண்டி என்று ஒருவன் ஆட்களை நடத்திக் கூட்டிப் போகிறான். காலையில் தேரி, மதியம் அவனுடைய பனங்காட்டில் ஓலைப் பட்டையில் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரையில் பறவை பார்ப்பது. குப்பை போடக் கூடாது, சத்தம் கூடாது, தீ கூடாது. மூக்கம்மாள் உடனே போன் போட்டாள்.

"எந்த ஊரு நீங்க?"

"சிவகாசி."

"சிவகாசிக்காரங்களக் கூட்டிட்டுப் போறதில்லக்கா. தப்பா நெனைக்காதீங்க."

காரணத்தையும் சொன்னான். போன வருஷம் சிவகாசியிலிருந்து வந்த ஒரு கூட்டம், பிறந்தநாள் என்று சொல்லிக் கடற்கரையில் ஆயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டது. பறவைகள் பத்து நாள் அந்தப் பக்கம் இறங்கவில்லை. காகிதக் குப்பையை அவனும் அவன் அம்மாவும் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள்.

மூக்கம்மாள் மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். நாலாவது நாள் அவனைப் பேசவே விடவில்லை.

"தம்பி, தீ கூடாது, சத்தம் கூடாதுன்னு எங்களுக்கே சொல்றீக. நாங்க முப்பது வருசமா அப்படித்தான பொழைக்கோம்? உங்க சட்டம் அம்புட்டும் எங்க கம்பெனி சட்டம். ஒருக்கா வந்து காட்டுறோம், அப்புறம் பேசுங்க."

"ஒரே ஒரு தடவ" என்றான் செந்தூர்பாண்டி. "ஒரு வெடி வெடிச்சாலும் சரி, ஒரு கேரிப்பை கெடந்தாலும் சரி, அதோட முடிஞ்சுது. சிவகாசின்னு சொல்லி இனி ஒருத்தரும் போன் போடக் கூடாது."

"சரி" என்றாள். வருஷா வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாளில் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் கணக்கு. அது நடப்பதும் நடக்காததும் இந்த ஒரு நாளில் இருந்தது.

பதினெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். மூக்கம்மாள் நோட்டில் எழுதியது ஊர்ப் பெயர் அல்ல, உடம்பு. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யாருக்கு முழங்கால், மாத்திரை எத்தனை மணிக்கு. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் போவது நம் பெண்களின் பழக்கம். பாதி மயக்கம் அதனால்தான் வருகிறது. எனவே எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று டிரைவர் இசக்கிப்பாண்டியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். எவர்சில்வர் பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர், ஆளுக்கு ஒன்று.

விடியற்காலையில் வேன் கதவருகே நின்று ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தாள். இரண்டு ஷாம்பு பாக்கெட், ஒரு சிப்ஸ், கேரிப்பையில் கட்டிய இட்லி. எல்லாம் இறங்கின. இட்லி தூக்குவாளிக்கு மாறியது.

கடைசியாகப் பத்திரகாளி வந்தாள். மூக்கம்மாளின் வீட்டுக்காரருக்கு அக்காள், அறுபத்து மூன்று வயது, அதே கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். மூக்கம்மாளைப் பெண் பார்க்க வந்தபோது காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே "இவதான்" என்று முடிவு சொன்னவள். கையில் பெரிய மஞ்சப்பை, வாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அதுல என்ன மதினி?"

"தாம்பாளமும் பழமும். மொத மொத ஒரு வீட்டுக்குப் போறோம், வெறுங்கைய வீசிட்டா போவாக? ஏன், எம் பையயும் தொறந்து பாக்கப் போறியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவள் திறக்காமல் விட்ட முதல் பை அது.

தேரியின் ஓரத்தில் செந்தூர்பாண்டி காத்திருந்தான். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், தோளில் பைனாகுலர். சட்டங்களைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பதினெட்டுப் பேரும் செருப்பைக் கழற்றி வேன் நிழலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். செல்போன்களை ஒரு கூடையில் போட்டார்கள். கையோடு கொண்டை ஊசிகளையும் கழற்றினார்கள். பிறகு ஒருவருக்கொருவர் ஒரு கை நீளம் விட்டு, காலைத் தேய்க்காமல் எடுத்து வைத்து, ஒற்றை வரிசையில் மணலில் ஏறினார்கள்.

"ஊசி எதுக்குக்கா கழட்டுதாங்க?" என்று கேட்டான்.

"கழட்டாம உள்ள போனா எங்களுக்குக் கூசும்" என்றாள் மூக்கம்மாள்.

"அண்ணாச்சி, தொட்டுட்டுப் போறதுக்குச் செப்புத் தகடு எங்க இருக்கு?" என்று சுப்புலட்சுமி கேட்டாள். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு அதைத் தொட வேண்டும். அவள் விளையாட்டுக்குக் கேட்டாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்துப் பனைமரத்தைக் காட்டினான். பதினெட்டுப் பேரும் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

மார்கழி வெயில் இன்னும் ஏறவில்லை. மணல் உள்ளங்காலுக்குக் குளிர்ந்தது. ஆடிக் காற்றில் இந்தக் குன்றுகள் இடம் மாறும் என்றும், போன வருஷம் இருந்த பாதை இந்த வருஷம் இருக்காது என்றும் செந்தூர்பாண்டி சொன்னான். மயில் நடந்த தடத்தையும் உடும்பு வாலை இழுத்துப் போன கோட்டையும் காட்டினான். உடைமரத்தடியில் ஒரு ஓணான் தொண்டையை விசிறி போல விரித்துக் காட்டியது. "ஆத்தீ, நம்ம மேனேசரு கோவப்படுற மாதிரியே இருக்கு" என்றாள் அருணாதேவி. அடக்கி அடக்கிச் சிரித்ததில் பாதிப் பேர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு அருணாதேவி ஒரு குன்றின் உச்சியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சறுக்கி இறங்கினாள். இரண்டு பிள்ளை பெற்றவள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் வரிசை கட்டி நின்றார்கள். பிரஷர்காரர்களை மட்டும் மூக்கம்மாள் தடுத்தாள். அவர்கள் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சறுக்கினார்கள்.

மூக்கம்மாள் உச்சியில் உட்கார்ந்து ஒரு கை மண்ணை அள்ளி விரலிடையில் விட்டாள். அன்றைக்கு அந்த டிரைவர் சொன்னது சரிதான், வெறும் மண்ணுதான். ஆனால் எம்புட்டு மண்ணு! கண் போகும் மட்டும் மண்ணு, அதை யாரும் மூட்டை கட்டவில்லை, லோடு ஏற்றவில்லை, அது பாட்டுக்குக் கிடந்தது. சத்தம் போட்டுச் சிரித்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் பனங்காட்டில் செந்தூர்பாண்டியின் அம்மா கற்பகவல்லி விறகடுப்பில் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். எல்லோரும் சற்றுத் தள்ளி நிழலில் உட்கார்ந்தார்கள். அப்போது பத்திரகாளி மஞ்சப்பையின் கட்டை அவிழ்த்தாள். தாம்பாளம் வந்தது. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வந்தது. அவற்றின் நடுவே, ஜிகினாத் தாள் சுற்றிய கிஃப்ட் பாக்ஸ் ஒன்று வந்தது. கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்தது. முப்பத்தோரு அயிட்டம் பட்டாசு.

சிவகாசிக்காரர்கள் வேறு எதைக் கொண்டுபோவார்கள்? கல்யாண வீடு, காது குத்து, டாக்டர் வீடு, பேரன் சேர்ந்த பள்ளிக்கூடம், எங்கே போனாலும் கையில் அதுதான். பத்திரகாளி தாம்பாளத்தை ஏந்தி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கற்பகவல்லியிடம் நீட்டினாள். கற்பகவல்லியின் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க" என்றாள் மூக்கம்மாள். குரலை உயர்த்தவில்லை.

பதினேழு பேரும் எழுந்து காற்றுக்கு எதிர்ப் பக்கமாக நகர்ந்தார்கள். ஒருத்தியும் ஓடவில்லை. சுப்புலட்சுமி இரண்டு கையாலும் மணலை வாரி அடுப்பை அணைத்தாள். மூக்கம்மாள் பெட்டியைச் சாய்க்காமல் தூக்கி, நாற்பது எட்டு நடந்து, ஓலைச் சருகு இல்லாத வெற்று மணலாகப் பார்த்து ஒரு பனை நிழலில் இறக்கி வைத்தாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

செந்தூர்பாண்டியின் முகம் மாறியிருந்தது. "நான் அப்பவே சொன்னேம்லா" என்றான். "சாப்பிட்டுட்டு வேன எடுங்க. கடற்கரை வேண்டாம்."

பத்திரகாளிக்கு அப்போதுதான் விளங்கியது. "நாங் குடுக்கத்தான கொண்டாந்தேன், கொளுத்தவா கொண்டாந்தேன்?" என்றாள். வாய் கோணியது.

மூக்கம்மாள் கெஞ்சவில்லை. கம்பெனியில் தவறு நடந்தால் ஒரு முறை உண்டு. வேலை நிற்கும், தவறு செய்தவர் எல்லோர் முன்னாலும் சொல்வார், முதலிலிருந்து சோதனை நடக்கும். அதைத்தான் செய்தாள்.

"தப்பு மதினி மேல இல்ல, எம் மேல. அவுக பைய நான் தொறந்து பாக்கல. சொந்தம்னு விட்டுட்டேன். இப்ப எல்லாப் பையயும் திரும்பப் பாக்கப் போறேன். தம்பி, நீங்களும் நின்னு பாருங்க."

பைகள் மணலில் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை, துண்டு, முறுக்கு. ஒன்றும் இல்லை. கடைசியில் தன் பை. அதையும் கவிழ்த்தாள். துண்டு விழுந்தது, நோட்டு விழுந்தது, ஒரு சூடக்கட்டி விழுந்தது, அதன் பின்னாலேயே ஒரு தீப்பெட்டி விழுந்தது.

வழியில் அய்யனார் கோயில் இருந்தால் ஒரு சூடம் காட்டலாம் என்று முந்தின நாள் எடுத்து வைத்தது. சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

"ஏத்தா மூக்கு" என்றாள் பத்திரகாளி மெதுவாக. "நான் மருந்தக் கொண்டாந்தேன், நீ நெருப்பக் கொண்டாந்திருக்க. நல்ல குடும்பம்!"

முதலில் சிரித்தது கற்பகவல்லி. குழம்புக் கரண்டியோடு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. செந்தூர்பாண்டி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் மூக்கம்மாள் சொன்னாள். "அந்தப் பெட்டிய விட்டுட்டுப் போக முடியாது. வேன்ல வச்சு வெயில்ல காய விடவும் கூடாது. ஒரு ஆள் காவல் இருக்கணும். நான் இருக்கேன். இவுகள மட்டும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஆறு வருஷ ஆசையில் பாதியை அவள் வெட்டிக் கொடுக்கிறாள் என்பது செந்தூர்பாண்டிக்குத் தெரியாது. பத்திரகாளிக்குத் தெரியும்.

"நீ ஒண்ணும் இருக்க வேண்டாம். கொண்டாந்தவ நான், காக்குறவளும் நான். என் முழங்காலுக்கு இன்னம் ஒரு மேடு ஏற முடியாது. இந்தம்மாகூடப் பேச எனக்கு ஆயிரம் இருக்கு" என்று கற்பகவல்லியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பெட்டிக்குப் பத்து எட்டுத் தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

செந்தூர்பாண்டி அணைந்த அடுப்பைப் பார்த்தான். வரிசையாகக் கிடந்த பைகளைப் பார்த்தான். "போன வருசம் வந்தவங்க எங்கிட்ட எதையும் காட்டல" என்றான். "சாப்பிட்டுட்டு வாங்க, போவோம்."

ஒரு ஓடை கடலில் சேரும் இடம் அது. சேற்று மணலில் உட்கார வைத்துவிட்டு, அரை மணி நேரம் பேசாமல் அசையாமல் இருந்தால்தான் பறவை இறங்கும் என்றான். எந்தக் கூட்டமும் பத்து நிமிஷத்தைத் தாண்டியதில்லை என்றும் சொன்னான். ஆனால் இவர்கள் மருந்து செலுத்தும் அறையில் எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து பழகியவர்கள். உட்கார்ந்தார்கள். ஒருத்தி இருமக்கூட இல்லை.

முதலில் உள்ளான்கள் வந்தன, தையல் ஊசி போல மணலைக் குத்திக்கொண்டு. ஆலாக்கள் கடலில் குத்திட்டு விழுந்து எழுந்தன. பிறகு பூநாரைகள், ஒன்று இரண்டு அல்ல, முப்பது நாற்பது, நீண்ட காலைத் தொங்கவிட்டபடி இறங்கி, இருபதடி தூரத்தில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்தன. இறகின் அடி நிறம் தெரிந்தது. மூக்கம்மாளின் கை பக்கத்திலிருந்த அருணாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டது. செந்தூர்பாண்டி பைனாகுலரை எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

திரும்பி வந்தபோது பத்திரகாளியும் கற்பகவல்லியும் ஒருவருக்கொருவர் என்ன உறவுமுறை என்பது முடிவாகியிருந்தது. பெட்டியும் அசையாமல் இருந்தது. செந்தூர்பாண்டி சாத்தான்குளத்தில் லைசன்ஸ் உள்ள பட்டாசுக் கடைக்காரருக்குப் போன் போட, அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். தீப்பெட்டி கற்பகவல்லியின் அடுப்பங்கரைக்குப் போனது.

"அடுத்த வருசம் எத்தன பேரு?" என்று கேட்டான் செந்தூர்பாண்டி, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு.

"இருபத்தஞ்சு" என்றாள் மூக்கம்மாள் யோசிக்காமல்.

"சரி. ஆனா ஒரு சட்டம் கூடுது. உங்க பைய உங்க மதினி பாக்கணும்."

மறு வருஷம் மார்கழியில் நாரணாபுரத்தில் வேன் வந்து நின்றது. கதவருகே பத்திரகாளி நின்றாள். கற்பகவல்லிக்குக் கொடுக்க அவள் கையில் இந்தத் தடவை ஒரு தினசரி காலண்டர், முருகன் படம் போட்டது.

"வரிசையில வாங்க. மொதல்ல சூப்பர்வைசரு" என்றாள்.

மூக்கம்மாள் தன் பையைத் திறந்து நீட்டினாள். பத்திரகாளி ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, பின்னால் நின்ற இருபத்து நாலு பேருக்கும் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.