நான்காம் பிரஸ்ஸை நிறுத்தியவள்

ரோவீனா டக்கெட்டின் வேலையைப் பறித்தது ஒரு கேமரா. ஓஹியோவின் வடமேற்கில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் கார் கதவுக்கான கீல்களையும் இருக்கைச் சட்டங்களையும் இரும்புத் தகட்டிலிருந்து அடித்தெடுப்பார்கள். வரிசையின் கடைசியில் நின்று, வருகிற துண்டுகளைத் திருப்பிப் பார்த்து, விரிசல் விட்டதையும் பிசிறு தட்டியதையும் ஒதுக்குவது அவள் வேலை. கல்யாணமான வருஷம் சேர்ந்தவள், மகள் படித்து முடித்து வேறு ஊருக்குப் போகும்வரை அதே இடத்தில்தான் நின்றாள். பிறகு அவள் தலைக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினார்கள். கொஞ்ச நாள் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். அப்புறம் கேமரா மட்டும் பார்த்தது.

சில மாதம் மளிகைக் கடையில் பில் போட்டாள். அங்கேயும் வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம் வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த வாரமே போய், மாவட்டத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு படிப்பில் சேர்ந்தாள். தொழிற்சாலைகளில் செயற்கை நுண்ணறிவைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் படிப்பு.

ஈஸ்டருக்கு முன்னால் இறைச்சியை விலக்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள், ஊரே வந்து சாப்பிடும். அங்கேதான் கணவனின் அண்ணன் கார்லண்டிடம் விஷயத்தைச் சொன்னாள். கார்லண்ட் அதே தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உன் வேலையத் தின்ன பேய்க்கு நீயே சோறூட்டப் போறியா?"

"சோறூட்டல. அது என்ன தின்னுது, எங்க கடிக்குதுன்னு தெரிஞ்சுக்கப் போறேன்."

"நல்லாத் தெரிஞ்சுக்க. அடுத்து யாரக் கடிக்கும்னும் கேட்டுச் சொல்லு" என்றார் கார்லண்ட். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாரி ஓட்டும் அவள் கணவன் டூயி அன்று டெக்சஸ் பக்கம் எங்கோ இருந்தான். இருந்திருந்தாலும் அண்ணனை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான்.

வகுப்பு நடத்தியவர் இனெஸ் கின்டெரோ. குள்ளமாக இருப்பார், சத்தம் போட்டுப் பேச மாட்டார். தொடக்கத்திலேயே மாணவர்களை நன்றாக ஏமாற்றினார். நல்ல துண்டுகளையும் கெட்ட துண்டுகளையும் படம் எடுத்துக் கொடுத்து, இவற்றைக் காட்டிக் கணினியைப் பழக்குங்கள் என்றார். பழக்கினார்கள். கணினி ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னது. ரோவீனா உள்பட எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. மறுநாள் புதிய படங்களைக் கொடுத்தபோது கணினி கண்டபடி உளறியது. முதலில் கொடுத்த படங்களில் கெட்ட துண்டுகளை எல்லாம் மஞ்சள் விளக்கின் கீழே வைத்து எடுத்திருந்தார் இனெஸ். கணினி விரிசலைக் கற்றுக்கொள்ளவில்லை, மஞ்சளைக் கற்றுக்கொண்டிருந்தது.

"அது பொய் சொல்லல. நீங்க காட்டினதத்தான் பாத்துச்சு" என்றார் இனெஸ். "அது எதச் சொன்னாலும், இது இதுக்கு முன்னாடி எதப் பாத்திருக்கு, எதப் பாக்கலன்னு யோசிங்க. அப்புறம், இது சொல்றது தப்பா இருந்தா யாருக்கு அடிபடும்னு யோசிங்க."

வாழ்நாளெல்லாம் விரிசல் பார்த்த தனக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் கண்ணில் படவில்லையே என்று ரோவீனா வீடு போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வருஷம், படிப்பின் கடைசிப் பகுதிக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு தொழிற்சாலையில் போய் நிற்க வேண்டும். ரோவீனாவுக்கு அவள் பழைய தொழிற்சாலையே விழுந்தது. தகட்டை அடித்து வடிவமாக்கும் நான்காம் பிரஸ் இயந்திரத்தின் உடம்பில் காந்தம் வைத்த சின்னச் சின்ன உணரிகளை ஒட்டினார்கள். அவை அதன் அதிர்வைக் கேட்டு ஒரு பெட்டிக்கு அனுப்பும். பெட்டி தனக்குப் பழக்கமான சத்தத்தோடு அதை ஒப்பிடும். எல்லாம் சரி என்றால் திரை பச்சை, வித்தியாசம் தெரிந்தால் சிவப்பு, கூடவே எந்தப் பாகமாக இருக்கலாம் என்ற ஊகம். சிவப்பு வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் உரிமை மாணவருக்கு உண்டு. கல்லூரி அப்படி ஒரு நிபந்தனை போட்டிருந்தது.

அந்த நிபந்தனைதான் அவளை அங்கே எல்லோருக்கும் ஆகாதவளாக்கியது. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் பெட்டியின் மேல் யாரோ டேப் ஒட்டி, 'ஒட்டுக்கேட்பவள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பழைய நண்பனுடையது. டேப்பை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் திரை முதல்முறையாகச் சிவந்தது.

அன்று நெருக்கடியான நாள். ஏற்ற வேண்டிய சரக்கு பாதிகூட முடியவில்லை, லாரி வாசலில் காத்திருந்தது. ரோவீனா திரையைப் பார்த்தாள். தேய்ந்துபோன பேரிங்காக இருக்கலாம் என்று போட்டிருந்தது. கை போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது.

பிரஸ் நின்றதும் தளமே அமைதியானதுபோல் இருந்தது. கார்லண்ட் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"என்னவாம் உன் பெட்டிக்கு?"

"பேரிங் போகப்போகுதுன்னு சொல்லுது."

கார்லண்ட் ஏணியில் ஏறி பேரிங்கைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. எண்ணெய் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, கழிவுத் துண்டு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று அச்சுகளுக்கு நடுவே குனிந்து தலையையும் தோளையும் உள்ளே விட்டார். தலைக்கு மேலே பல டன் எடையுள்ள மேலச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கிவிடாமல் அடியில் நிறுத்த வேண்டிய அலுமினிய முட்டுக்கட்டை ஓரமாகக் கிடந்தது.

"கார்லண்ட், முட்டுக்கட்டை வை" என்றாள் ரோவீனா.

"ரெண்டு நிமிஷ வேலைக்கு அந்தக் கனத்தத் தூக்கணுமா? நீயே இங்க பெரிய முட்டுக்கட்டைதான், ரோ."

பின்னால் சிரிப்புக் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. பிரஸ் மறுபடி ஓடத் தொடங்கியது. திரை கொஞ்ச நேரம் பச்சையாக இருந்துவிட்டுத் திரும்பவும் சிவந்தது.

இந்த முறை அவள் உடனே பொத்தானைத் தொடவில்லை. பழைய பதிவுகளைப் புரட்டினாள். சத்தம் மாறத் தொடங்கியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்போதுதான் புதிய தகட்டுச் சுருளை ஏற்றினார்கள். வேறு ஆலையிலிருந்து வந்த கொஞ்சம் கெட்டியான தகடு. இந்தப் பெட்டி அந்தத் தகட்டை இதுவரை கேட்டதே இல்லை.

அவளுக்குப் பளிச்சென்று மஞ்சள் விளக்கு ஞாபகம் வந்தது. அதே கதைதான். தகடு புதுசு, பெட்டி மிரள்கிறது. கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாரி நேரத்துக்குப் போய்விடும், கார்லண்ட் முகம் மலரும், நாளைக்குக் காப்பிக்குப் பக்கத்தில் நின்றாலும் பேச்சு நிற்காது. அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

இனெஸைப் போனில் அழைத்தாள்.

"புதுத் தகட்டாலதான் சிவக்குதுன்னு தோணுது, மிஸ் கின்டெரோ."

"சரி. தோணுறத எப்படிச் சோதிப்ப?"

"பழைய தகட்டப் போட்டு ஓட்டிப் பாக்கணும். ஆனா அதுக்கு நிறுத்தணும், சுருள மாத்தணும். கொன்னே போட்டுருவாங்க."

"நான் அங்க இல்ல, ரோவீனா. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல. நீதான் நிக்கிற" என்றார் இனெஸ்.

ரோவீனா பொத்தானை அழுத்தினாள்.

கார்லண்ட் இந்தமுறை நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தார். "உனக்கு என்ன பைத்தியமா? அந்த ஒயரப் பிடுங்கி எறியப்போறேன்." கையை நீட்டியும் விட்டார். ரோவீனா பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். நகரவில்லை. அதற்குள் யாரோ சொல்லி மேலாளர் நோரீன் ப்ரூயிட் வந்துவிட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"என்ன பிரச்சனை?"

"பெட்டி மறுபடி சிவப்புக் காட்டுது. பெரும்பாலும் தப்பான எச்சரிக்கைன்னுதான் நினைக்கிறேன்" என்றாள் ரோவீனா.

"தப்புன்னா ஏன் நிறுத்தின?"

"நினைக்கிறேன்னுதான் சொன்னேன். தெரியாது. பழைய தகட்ட ஏத்தி ஓட்டினா தெரிஞ்சுரும்."

"கேட்டியா நோரீன்?" என்றார் கார்லண்ட். "தப்புன்னு அவ வாயாலயே சொல்றா. லாரிக்காரன் கிளம்பிருவேன்னு நிக்கிறான்."

நோரீன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "பழைய சுருள ஏத்துங்க. பச்சைக்கு வந்துச்சுன்னா இந்தப் பெட்டி இன்னைக்கே காலேஜுக்குத் திரும்பிப் போகுது. அதோட நீயும்தான், ரோவீனா."

சுருளை மாற்றி முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேர் தன்னைத் திட்டி முடித்துவிட்டதுபோல் அவளுக்கு இருந்தது. பிரஸ் ஓடத் தொடங்கியது. திரை பச்சை. அடுத்த அடியும் பச்சை. யாரோ ஒருவன் நீளமாக விசிலடித்தான். கார்லண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோவீனாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அடுத்த நொடியே அவமானம் ஏறியது. ஒயரைக் கழற்றக் கையை நீட்டினாள்.

திரை சிவந்தது.

தகடு பழையதுதான். சிவப்பு அப்படியே இருந்தது, போகவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கார்லண்டே போய் மோட்டாரை அணைத்தார்.

"தகடு இல்லேன்னா வேற என்ன?" என்று கேட்டார். முதல்முறையாக அது கேள்விபோல் இருந்தது.

"எனக்குத் தெரியல. பேரிங்னு சொல்லுது, பேரிங் நல்லா இருக்கு. அப்ப அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஏதோ ஒண்ணு." அவள் போய் அந்த அலுமினிய முட்டுக்கட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தனியாக இழுக்க முடியவில்லை. கார்லண்ட் வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து கட்டையைத் தூக்கி, மேலச்சுக்குக் கீழே நிமிர்த்தி வைத்தார்கள்.

மேலே மூடியைத் திறப்பதற்கு முன்னால், அச்சில் பாதி அடிபட்டு நின்ற துண்டை எடுப்பதற்காகக் கார்லண்ட் குனிந்தார். இரண்டு கையும் முழங்கைக்கு மேலே உள்ளே இருந்தன. அப்போது உச்சியில் ஏதோ 'டிக்' என்று முறிந்தது. மேலச்சு இறங்கியது. வேகமாகக்கூட இல்லை, ஒரு கனத்த மனிதர் நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி, முட்டுக்கட்டையின் தலையில் 'தொம்' என்று உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. கட்டை தாங்கிக்கொண்டது.

கார்லண்ட் கைகளை மெல்ல வெளியே எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியின்மேல் போய் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், வாங்கவில்லை. ரோவீனாவுக்கு அவர் சற்று முன்பு கட்டையே இல்லாமல் தலையை உள்ளே விட்டது கண்முன் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது மேலச்சைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் ஸ்பிரிங்குகள் உடைந்து கிடந்தன. உடைந்த துண்டு ஒன்று பேரிங்குக்கு ஓரமாக உருண்டு உருண்டு, விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தட்டலைத்தான் பெட்டி கேட்டிருக்கிறது; புதிய சுருள் ஏற்றிய நேரத்தில் அது தொடங்கியது தற்செயல்.

லாரி பாதிச் சரக்கோடு போனது. மறுநாள் கூட்டத்தில் நோரீன் யாரையும் பாராட்டவில்லை.

"பிரேக் உடைஞ்சிருக்கு, பெட்டி பேரிங்னு சொல்லிச்சு. அத நம்பி முதல்ல தப்பான இடத்துல தேடினோம். இதுக்கு என்ன சொல்ற?"

"உடைஞ்ச பிரேக்க அது கேட்டதே இல்ல" என்றாள் ரோவீனா. "தெரிஞ்சதுல எது கிட்ட வந்துச்சோ அந்தப் பேரச் சொல்லிருக்கு."

"அப்ப அடுத்த தடவையும் தப்பாத்தான் சொல்லுமா?"

"சொல்லலாம். ஒண்ணுமே இல்லாததுக்கும் ஒருநாள் கத்தும். அத ஒத்துக்கிட்டுத்தான் வச்சுக்கணும்."

நோரீன் வேறு விஷயத்துக்குப் போனாள். வசந்தம் முடியும்போது ரோவீனாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது.

கார்லண்ட் நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஈஸ்டர் விருந்துக்கு வந்து பன்றித் தொடைக்கறியை வெட்டி முதல் துண்டை அவள் தட்டில் வைத்தார். டூயி அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். ஷிப்டில் யாராவது கட்டை வைக்காமல் குனிந்தால் கார்லண்ட் போடும் சத்தம் வாசல்வரை கேட்கும் என்று சொன்னார்கள்.

கோடையில் எல்லாப் பிரஸ்களிலும் பெட்டி மாட்டினார்கள். தினமும் சுற்றிவந்து இயந்திரங்களைக் காது கொடுத்துக் கேட்கும் ஆட்களில் ஒருவரைக் குறைத்தார்கள். லைல் என்பவர், கார்லண்டின் நெடுநாள் கூட்டாளி. டேப்பில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

ரோவீனா அவர் வீட்டுக்குப் போனாள். லைல் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார்.

"என்ன, ஆறுதல் சொல்ல வந்தியா?"

"இல்ல. காலேஜ்ல இலையுதிர் காலத்துக்கு ஆள் சேக்குறாங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நீ போன வழியிலேயே நானும் வரணுமாக்கும்."

"வரணும்னு இல்ல. வழி இருக்குன்னு சொல்றேன்."

"யோசிக்கிறேன்" என்றார் லைல். யோசித்தாரோ என்னவோ, சேரவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். ரோவீனா காலையில் வேலைக்குப் போகும்போது ரயில் கேட்டருகே அந்த மஞ்சள் பேருந்து எதிரே வரும். அவள் கையசைப்பாள். சில நாள் அவரும் அசைப்பார், சில நாள் அசைக்க மாட்டார்.