கணினிக்குத் தெரியாத கை

சிம்பாங் அம்பாட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டுத் தீவுக்குப் போகும் பாலத்து நெரிசலில் நின்றிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் கமலவேணியின் கணவர் போன் செய்தார். "அண்ணே, கமலா போயிட்டா" என்றார். பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை நகர்த்தினேன். நோய் முற்றியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்து என்ன பயன்?

கெலுகோரில் எங்கள் ஆய்வகத்தில் கமலவேணியோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளைக் கேமராக்கள் முன்னால் நடக்கவைத்து, அந்த நடையைக் கணினியில் ஓர் உருவமாக்கி, எந்தத் தசை எப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவது எங்கள் தொழில். கணினி சில சமயம் எந்த மனித உடம்பும் செய்யாததைச் சொல்லும். அதைப் பிடிப்பதில் கமலவேணியை மிஞ்ச ஆளில்லை. திரையைப் பார்த்துவிட்டு, "மசில இவ்ளோ இறுக்குனா மனுசன் நடக்க மாட்டான் அண்ணே, கத்துவான்" என்பார். அப்படியே நடந்தும் காட்டுவார். அந்த நடையைப் பார்த்துச் சிரிக்காதவர் எங்களில் யாராவது உண்டா?

ஒருமுறை டத்தோ கிராமாட்டிலிருந்து ஒரு சிறுமி வந்திருந்தாள். அவளுடைய பின்தொடைத் தசை ஓயாமல் முழு பலத்தோடு இழுப்பதாகக் கணினி சொன்னது. தசையின் மின்துடிப்பை அளக்கத் தோலில் ஒட்டிய கருவியோ, அந்தத் தசை பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது என்றது. தசையை அறுத்து நீளமாக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய டாக்டர் எங்கள் அறிக்கைக்காகக் காத்திருந்தார். தேவையில்லாமல் அறுத்தால் இருக்கிற நடையும் போய்விடலாம்.

அந்தத் தசை இதற்குமேல் இழுக்காது என்று கணக்கில் ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் வரைபடம் ஒழுங்காகிவிடும் என்றார் எங்களில் ஒருவர். கமலவேணிக்கு வந்ததே கோபம்! "படத்த அழகாக்க நான் என்ன கல்யாண போட்டோகிராபரா? கம்ப்யூட்டர நோண்டுனது போதும் லா. பிள்ளைய மறுபடி வரச் சொல்லுங்க" என்றார்.

சிறுமி வந்தாள். நடக்கத் தொடங்குமுன் பழக்கத்தில் அம்மா பக்கம் கையை நீட்டினாள். கமலவேணி உடனே நிறுத்தச் சொன்னார். முதல் தடவையும் இப்படித்தான் நடந்தாளா என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஆமாக்கா. சும்மா விரலத்தான் புடிச்சுக்குவா."

அம்மாவை விலகச் சொல்லித் தன் விரலைக் கொடுத்து நடந்து பார்த்தார். அறையின் மறுமுனைக்குப் போவதற்குள் அவருடைய தோள் இறங்கிவிட்டது. "விரலா இது? பாதி பாரத்த நீங்கதாம்மா தாங்குறீங்க!" என்று கத்தினார். முன்னால் சாய்ந்த பிள்ளையை விழாமல் வைத்திருந்தது அம்மாவின் கை. அந்தக் கையை யாரும் கணினியிடம் சொல்லவில்லை. அது பாவம், பாரத்தையெல்லாம் தூக்கிப் பின்தொடைத் தசைமேல் போட்டுவிட்டது.

கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அதில் விழும் பாரத்தையும் அளந்து மறுபடி கணக்கிட்டோம். தசை அடங்கியது. தோலில் ஒட்டிய கருவி சொன்னதும் கணினி சொன்னதும் ஒத்துப்போயின. டாக்டர் அறுவைச் சிகிச்சையைக் கைவிட்டுப் பயிற்சி கொடுத்தார். இன்று அவள் யார் கையையும் பிடிக்காமல் வகுப்புக்குப் போகிறாள். கமலவேணி என் சக ஊழியர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போது அது கூடியிருக்கிறது.

கமலவேணியின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அதே டாக்டர் வேறொரு பையனின் அறிக்கை கேட்டு அழைத்தார். கணக்கு ஒத்துவந்திருக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார்.

"எங்களுக்கு இன்னும் தெரியல டாக்டர். தெரியாம எழுதிக் கொடுக்க மாட்டோம்" என்றேன்.

"சரி, நாள தள்ளி வைக்கிறேன். ஒங்க லேப்ல தெரியலன்னு சொன்னா, அதையும் நம்பலாம்" என்றார்.

அந்த நம்பிக்கை கமலவேணி சம்பாதித்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். போனை வைத்த கையோடு, அந்தப் பையனை மறுபடி வரச்சொன்னேன்.