சித்தப்பாவின் ராப் சிடி

செஞ்சி பேருந்து நிலையத்துக் கடையில் சித்தப்பா வாங்கிய அந்த சிடி இப்போது என் பீரோவில் இருக்கிறது. அட்டையில் தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக நான்கைந்து பேர். மேலே ‘சூப்பர் ஹிட் ராப் பாடல்கள்’ என்று கொட்டை எழுத்து. எங்கெங்கோ பாடியதையெல்லாம் சேர்த்து ஒன்றாகப் போட்டிருந்தார்கள். பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாவுக்கு அந்தக் கவலையும் இருந்ததில்லை. அவர் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சுற்றுவட்டாரமெங்கும் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவார். பெட்டி ஒழுங்காக அடிக்கிறதா என்று வீட்டில் சோதிக்க இந்த சிடிதான். “வயித்துல இடிக்குது பாரு, அதான் பாட்டு” என்பார். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

அவருடைய மகளுக்கு மட்டும் அது தொல்லையே இல்லை. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை அவள். பெட்டி அதிர்ந்தால் தரை வழியாகவே காலுக்குத் தெரிந்துவிடும். விளையாட்டை விட்டு ஓடிவந்து இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டிமேல் பதித்துக்கொண்டு நிற்பாள். சித்தப்பா எதிரே நின்று, தொப்பை குலுங்க, அட்டைப்படத்து ஆட்களைப் போல விரலை நீட்டி நீட்டி ஆடுவார். அவளுடைய சிரிப்பு தெருமுனைவரை கேட்கும். அந்த சிடியை வேறு யாரும் போட்டதில்லை. பெட்டி அதிர்ந்தால் நைனா வந்துவிட்டார் என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. அவளுக்காக வீட்டிலேயே சைகைகள் செய்து வைத்திருந்தோம். நைனாவுக்கு மீசை முறுக்குவோம். கோட்டைக்குக் கைகளைத் தலைக்குமேல் கூப்புவோம். சாவுக்கு ஒன்று வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சிங்கவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிணமாகத்தான் வீடு வந்தார். கூடத்தில் பெஞ்சில் கிடத்தினோம். அவரைப் போல ரேடியோ செட் வைத்திருந்தவர்கள் வந்து வாசல் மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி ஒப்பாரிப் பாட்டு போட்டார்கள். அந்தப் பிள்ளை எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மீசையை முறுக்கி, கன்னத்தில் கைவைத்துத் தூங்குகிற மாதிரி காட்டினாள். நைனா தூங்குகிறார், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினோம். அதற்குமேல் சொல்ல எங்களிடம் என்ன இருந்தது? பயந்துபோய் அடுப்படி மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். யார் இழுத்தும் வரவில்லை. எடுக்கிற நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சித்தி என்னிடம், “அந்த சிடிய பெரிய பெட்டில போடு” என்றாள்.

பெரியப்பா பாய்ந்தார். “சாவு வூட்டுல இன்னாம்மா டான்ஸ் பாட்டு? நாலு பேரு காறித் துப்ப மாட்டான்?”

“அந்த நாலு பேர எம்பொண்ணாண்ட வந்து சொல்லச் சொல்லு மாமா, அவ நைனா பூட்டாருன்னு. உனக்குத் தெரியுமா சொல்ல? எனக்கே தெரியலயே! மூஞ்சியக்கூடப் பாக்காம அனுப்பிட்டு, நாளைக்கு எங்கன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்?”

 பெரியப்பாவே போய்க் கூம்பை நிறுத்தச் சொன்னார். நான் சிடியைப் போட்டேன். பெட்டி இடித்த இடியில் பரணில் பாத்திரங்கள் கலகலத்தன.

வந்தாள். பாவி மகள், சிரித்துக்கொண்டே வந்தாள். நைனா எழுந்து பாட்டுப் போட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டாள். இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நேரே கூடத்துக்கு ஓடினாள். அவர் அப்படியே கிடந்தார். பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை அவர் நெஞ்சில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பினாள். சித்தி தலையசைத்தாள். அதன்பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுத முடியாது.

இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். சாவுக்கு முறையான சைகை ஒன்று இருக்கிறதாம். விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். போன மாதம் பெரியப்பா போனார். வீடியோ காலில் அவளை அழைத்த சித்தி, அந்தச் சைகையைக் காட்டவில்லை. பெரியப்பாவின் படத்தைக் காட்டி, கையைத் தன் நெஞ்சில் வைத்து எடுத்தாள். அவளும் அப்படியே செய்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்தாள்.