நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. மூன்று கம்பிச் சுருள்கள், அவற்றிலிருந்து வெளியே நீளும் ஆறு முனைகள், முனைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் மெல்லிய கோடுகள். மின்மோட்டார்களைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் எழுதப்பட்ட, அட்டை கிழிந்து இருமுறை பைண்டிங் செய்யப்பட்ட நூல் அது. ராஜபாளையத்தில் நான் நூலகராக இருந்த பதினோரு ஆண்டுகளும் என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில், வெளியே எடுத்துச் செல்ல அனுமதியில்லாத குறிப்பு நூல்களின் வரிசையில் அது நின்றது. தூசி தட்டுவதற்காக அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை திறந்து மூடியிருக்கிறேன். அப்படித் திறந்தபோது ஒருமுறைகூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஊர் அவரை மோட்டார் அக்கா என்றது. என்னைவிட வயதில் இளையவர்தான். இருந்தாலும் நானும் அப்படியே அழைத்தேன்.

பஞ்சு மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர்களுடைய ரீவைண்டிங் கடை இருந்தது. பலகையில் கணவரின் பெயர். அவர் கிணற்று மோட்டார்களைக் கழற்றவும் மாட்டவும் தோட்டம் தோட்டமாகப் பிளவக்கல் வரை அலைந்துகொண்டிருப்பார். கடைக்குள் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றி 'ஒயிண்டிங்' போட்டு, எரிந்துபோன மோட்டார்களை மறுபடி ஓடவைப்பவர் அக்கா. ஆனாலும் வாசலில் வந்து நிற்பவர்கள், கம்பியும் கையுமாக இருக்கும் அவரைப் பார்த்தே, "அண்ணாச்சி இல்லியா?" என்று கேட்பார்கள். "அண்ணாச்சி வருவாக. மோட்டார எறக்கி வச்சிட்டுப் போங்க, அது எங்கிட்டதான் பேசும்" என்பார் அக்கா. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நூலகத்துக்கு வருவார். வார்னிஷ் வாடை அவருக்கு முன்னே வந்துவிடும். வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையில் துடைக்காமல் இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டி உலர்த்திக்கொண்ட பிறகே அலமாரியை நெருங்குவார்.

நிறைய வாசிக்கிறவள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வேலைக்குப் போய்வந்த பேருந்துகளிலேயே எத்தனையோ நாவல்களை முடித்திருக்கிறேன். ஆயினும் ஒரு துறை நூலை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. முன்னுரையிலிருந்து புறப்பட்டு மூன்றாம் அத்தியாயத்தில் மூச்சுவாங்கி நின்றுவிடுவேன். அக்கா அப்படிச் செய்ததே இல்லை. புதிதாக ஒரு நூல் வந்தால் பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, தமக்கு முன்பே நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப்பிடித்து அதைத்தான் முதலில் வாசிப்பார். தெரிந்ததை எதற்கு வாசிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "தெரிஞ்சத அவன் எப்படிச் சொல்லுதான்னு பாக்கேன் மேடம். அத ஒழுங்காச் சொல்லிட்டான்னா, எனக்குத் தெரியாதத சொல்லும்போது நம்பலாம். தெரிஞ்சதுலயே சுத்தி வளைச்சான்னா அந்தாளு வேல செஞ்சவன் இல்ல, கேட்டு எழுதுனவன்" என்றார். அன்று முதல் என் வாசிப்பிலும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு என் கையிலிருந்து பல நூல்கள் பத்து நிமிடத்துக்குள் கீழே இறங்கியிருக்கின்றன.

எங்கள் நூலகத்துக்கு அப்படிப்பட்ட வாசகர்கள் பலர் வந்தார்கள். பாலின் வேதியியலைப் படிக்கும் பால்கோவாக் கடைக்காரர், பத்திரப்பதிவுச் சட்டத்தைக் கைவிரலால் வரி பிடித்து வாசிக்கும் விவசாயி, எலும்பு மண்டலப் படங்களைப் பார்த்துச் சட்டைத் தோள்பட்டையை வெட்டக் கற்ற தையற்காரர். ஆனால் அக்காவைப் போலத் துறை விட்டுத் துறை தாவியவர் வேறு எவருமில்லை. ஒருமுறை கால்நடை நோய்கள் பற்றிய தடித்த நூலை இரண்டு வாரம் விடாமல் படித்தார். "வீட்டில் மாடு வளர்க்கிறீர்களா அக்கா?" என்றேன். "மாடு எதுக்கு? அது எங்க வலிக்குன்னு வாயத் தொறந்து சொல்லாது. மோட்டாரும் சொல்லாது. மாட்டு டாக்டரு அத எப்படிக் கண்டுபிடிக்காருன்னு பாத்தேன்." கைபேசியில்தான் இன்று எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறதே என்றபோது சிரித்தார். "அதுல அவன் கையே மறைச்சிருது. நல்லா ஓடுனதத்தான் காட்டுவான், கெட்டுப்போனத வெட்டிருவான். புத்தகம்னா நான் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கும்." அந்த மோட்டார் நூலில் அவர் பெரிதும் மதித்தது ஒரே ஒரு வரி. ஒருவகைப் பழுதைப் பற்றி விவரித்துவிட்டு, இதற்கு உறுதியான காரணம் தமக்கும் தெரியவில்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அந்த வரியை என்னிடம் திருப்பிக் காட்டி, "இதுக்காகவே இவர நம்புதேன்" என்றார்.

அப்படி நம்பியவர்தான் ஒரு பிற்பகலில் என் மேசைக்கு வந்து, "மேடம், நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல ஒரு படத்தத் தப்பாப் போட்டிருக்காக" என்றார். நான் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அச்சான புத்தகம் அக்கா. நாலு பேர் பார்த்துத்தானே போட்டிருப்பாங்க?" என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் நூலாசிரியரைத் திருத்துகிறாரே என்று அப்போது என் மனத்தில் எழுந்த மெல்லிய சிரிப்புக்காக இன்றும் நான் என்னை மன்னிக்கவில்லை. அவர் சண்டை பிடிக்கவில்லை. அந்தப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதிவைத்தார். இரண்டாவது சுருளின் ஆரம்ப முனையும் கடைசி முனையும் மாறியிருக்கிறது, இப்படியே இணைப்புக் கொடுத்தால் மோட்டார் உறுமும், பார்த்துச் செய்யவும் என்பது அதன் சாரம். மாதத்தில் ஒருநாள், கூட்டமில்லாத நேரத்தில், வாசகர்கள் நூல்களில் போட்ட கோடுகளையும் கிறுக்கல்களையும் ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்வது என் வழக்கம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்த மாதம் சுத்தம் செய்தபோது அதையும் அழித்தேன். வாசித்துவிட்டுத்தான் அழித்தேன்.

கோடை வந்தது. கிணற்று மோட்டார்கள் அடுத்தடுத்து எரிய, அக்காவின் கடை வாசலில் இடமில்லை. அந்த நாள்களில்தான் நான்கு தறிகள் வைத்து மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஒருவர், ஒரு தறியின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒயர்கள் வெந்து ஆறு முனைகளும் கழன்றிருந்தன. ரெண்டு நாள் ஆகும் என்றிருக்கிறார் அக்கா. தறிக்காரருக்குப் பொறுக்கவில்லை, மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அக்கா எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். நேரே நூலகத்துக்கு வந்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்த் தாமே முனைகளைச் சேர்த்துவிட்டார். மறுநாள் பிற்பகல் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் நுழைந்தார்கள். தறிக்காரரின் சட்டையெல்லாம் பஞ்சுத் துகள், முகமெல்லாம் கோபம்.

"இந்தப் புத்தகத்தப் பாத்துத்தான் செஞ்சேன். சுவிச்சப் போட்டதும் உறுமுச்சு, பொகைஞ்சுச்சு, போச்சு. இந்தம்மா என்னன்னா புத்தகமே தப்புங்குது!"

"தப்புன்னு அதுலயே எழுதி வச்சிருந்தேன் அண்ணாச்சி. நீங்க பாக்கல."

"எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்போம்."

அக்கா நூலை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார். ஓரம் வெறுமையாக இருந்தது. அவர் முகம் ஒரு கணம் குழம்பிற்று. பிறகு நூலை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த வெயிலில், பென்சில் அழுத்திய தடங்கள் மட்டும் எழுத்தெழுத்தாகத் தெரிந்தன. தறிக்காரருக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் பொறுமையும் அவருக்கு இல்லை. "அச்சடிச்சது தப்பு, நீ சொல்லுதது சரியா? நீ என்ன இஞ்சினியரா? மோட்டார் பழசு, அதான் எரிஞ்சுது. இனிமே ஒன் கடைக்கு வாரதுக்கே யோசிக்கணும்" என்றார். வாசகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தில் எத்தனை பேருக்கு அந்தப் பேச்சு போய்ச் சேரும் என்பது அக்காவுக்குத் தெரியும். அண்ணாச்சி இல்லியா என்று கேட்பவர்களின் ஊரில், தம் கையைப் பிறர் நம்பவைக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ஒரே பிற்பகலில் அழிந்துவிடும் நிலையில் இருந்தது, அழித்தவள் நான்.

"எழுதியிருந்தது உண்மை. நான்தான் அழித்தேன்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். "வாசிச்சீகளா மேடம்?" என்று மட்டும் கேட்டார். வாசித்தேன் என்றேன். தறிக்காரர், "அப்ப இந்தப் புத்தகத்தத் தூக்கி எறிங்க மொதல்ல" என்றார். நூலை மார்போடு அணைத்துக்கொண்டார் அக்கா. "ஒரு படம் தப்பு. மத்த பக்கம் அம்புட்டையும் நான் வேலையில வச்சுப் பாத்தாச்சு, எல்லாம் சரி. ஒரு பல்லு சொத்தைன்னு தலைய வெட்டுவாகளா? கடைக்கு வாங்க, செஞ்சு காட்டுதேன்."

நூலகத்தில் சேர்ந்த நாள் முதல் நான் மீறாத ஒரு விதியை அன்று மீறினேன். குறிப்பு நூலை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, உதவியாளரிடம் பொறுப்பைச் சொல்லிவிட்டு, அவர்களோடு நடந்தேன். கடையில், நல்ல நிலையில் இருந்த வேறொரு மோட்டாரை அக்கா பலகைமேல் ஏற்றினார். நூலை என் கையில் கொடுத்து, "படத்துல இருக்கத அப்படியே சொல்லுங்க மேடம், நான் அப்படியே குடுக்கேன்" என்றார். நான் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முனையாகச் சொன்னேன். அவர் சேர்த்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். அடைபட்ட விலங்கைப்போல் மோட்டார் உறுமியது, பலகை அதிர்ந்தது. உடனே நிறுத்திவிட்டார். தறிக்காரரின் கண்ணெதிரே இரண்டே இரண்டு முனைகளை இடம் மாற்றினார். மறுபடி சுவிட்ச். இம்முறை உறுமல் இல்லை. தேன்கூட்டின் அருகே நிற்பதுபோன்ற சீரான ரீங்காரம். அக்கா, ஓடும் மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தறிக்காரரையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கி வைத்தார். "சூடு இல்ல" என்றார். "வெரசா என் மோட்டாரயும் பாரு தாயி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலையே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் ஊரில் இத்துறையில் அனுபவம் வாய்ந்த ஒருவர்' என்று தொடங்கினேன். பக்கத்திலிருந்த அக்கா நிறுத்தினார். "ஒயிண்டிங் போடுற பொம்பளைன்னு எழுதுங்க. செஞ்சு பாத்துச் சொல்லுதாள்னு எழுதுங்க. மத்தது எதுக்கு?" அப்படியே எழுதி, அவர் பெயரையும் சேர்த்தேன். சில மாதங்கள் கழித்து நூலாசிரியரின் கைப்பட பதில் வந்தது. ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர். படத்தை மறுபடி வரைந்தபோது நேர்ந்த பிழை என்றும், பதிப்புக்குப் பதிப்பு அது தொடர்ந்திருப்பதாகவும், இதுவரை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அந்தப் பிழையைக் கண்டிருப்பார்கள்; கையால் திருத்திக்கொண்டு வேலையை முடித்திருப்பார்கள். அச்சுக்கு எதிராகச் சொல்லத் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணியிருப்பார்கள். சொன்ன ஒருவரிடமும் என்னைப்போல் ஒருத்தி, நாலு பேர் பார்த்துத்தானே போட்டிருப்பார்கள் என்று சொல்லியிருப்பாள்.

நான் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் நூலகத்தின் பெருமை எது என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் நூல்களின் தொகையைச் சொல்வேன். இப்போது வாசகர்களைச் சொல்கிறேன். சாதாரண வாசகர் துறை நூலில் எளிமையைத் தேடுகிறார் என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த வாசகர்கள் கடினத்துக்கு அஞ்சியதில்லை. தங்களை ஏமாற்றாத ஒரு மனிதரை அந்தப் பக்கங்களில் தேடினார்கள். கண்டுகொண்டால், அவருடைய பிழையையும் பொறுத்து, அவருக்காக வாதாடவும் செய்தார்கள்.

புதிய பதிப்பு வந்த நாளை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அக்கா கைகளை உலர்த்திக்கொண்டு வந்து, நேரே படத்துக்குப் போனார். ஆறு முனைகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு." அதன் பிறகே நான் முன்னுரையைத் திருப்பிக் காட்டினேன். அதில் அவர் பெயர், முதலெழுத்தோடு இருந்தது. ஒருமுறை வாசித்தார், மறுமுறை உதடு அசைய வாசித்தார். நூலை என் மேசையில் வைத்துவிட்டு, "அந்தத் தறிக்கார அண்ணாச்சி பேப்பர் பாக்க வருவாக. வந்தா முன்னுரைய மட்டும் வாசிக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு தேனீ வளர்ப்பு நூலொன்றை எடுத்துக்கொண்டு மூலையில் போய் அமர்ந்தார்.

தறிக்காரர் வந்தார். நூலைக் கொடுத்தேன். நின்றபடியே, எழுத்துக் கூட்டுபவரைப்போல் மெல்ல வாய்விட்டு வாசித்தார். முந்தைய பதிப்புகளில் இருந்த பிழையைக் கண்டறிந்து, செய்துபார்த்துத் தெரிவித்தவர், ராஜபாளையத்தில் மோட்டார்களுக்கு ஒயிண்டிங் போடும் பெண்மணி என்ற இடத்தில் அவர் குரல் தழைந்தது. மூலையில் தேனீப் புத்தகத்தின் பக்கம் வெகுநேரமாகத் திரும்பவே இல்லை. நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை உயர்த்தி, "யாரச் சொல்லுதாக? இங்க கேக்கல, சத்தமா வாசிங்க" என்றார். தறிக்காரர் என்னைப் பார்த்தார். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.