சட்டைப் பையில் கிடந்த வளையம்

டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அறியாதவர்கள் அப்போது கள்ளக்குறிச்சியில் கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை இல்லை. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கி வந்திருந்தார். அதன் பின்சக்கரங்கள் ஊளையிட ஆரம்பித்ததும் என் பட்டறைக்குத்தான் வரும் என்று கிரீஸ் டப்பாவைக்கூடத் துடைத்து வைத்தேன். சேலத்தில் இருந்தபோது அப்படி ஒரு வண்டியைப் பிரித்தவன் நான். கார் என்னைத் தாண்டி, எதிரே இருந்த டிராக்டர் மெக்கானிக்கின் கொட்டகைக்குள் போய் நின்றது. அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது?

அன்று மாலையே அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, உங்க புல்லரு வேணும். பேரிங்கு அசையவே மாட்டேங்குது."

பேரிங் இழுக்கும் புல்லர் அந்தத் தெருவில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. கொடுத்துவிட்டு, உடைத்துவிட்டானா என்று பார்க்கும் சாக்கில் மறுநாள் போனேன். பின்சக்கரங்களைத் தாங்கும் அலுமினியக் கூடுகள் இரண்டையும் டீசலில் கழுவிக் கோணியின்மேல் சீர்வரிசைபோல் அடுக்கியிருந்தான். நான்கூட அவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கோணியின் ஓரத்தில் ஒரு மெல்லிய இரும்பு வளையம் கிடந்தது.

டிராக்டரில் பேரிங் நட்டை இறுக்கிவிட்டு, கைக்கணக்கில் கொஞ்சம் தளர்த்துவோம். அந்தக் காரில் அது நடக்காது. நட்டு முழுக்க இறுக வேண்டும். உள்ளே இருக்கும் வளையத்தின் கனம்தான் பேரிங்குக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். வளையம் இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்; ஓடும்போதே சக்கரம் இறுகி நின்றுவிடும். டிராக்டர்க்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவன் திரும்பி நின்றிருந்தான். குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் வாரம் தவறாமல் வைத்தியம் பார்க்க மலைப்பாதை ஏறி வெள்ளிமலைக்குப் போகிறவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

மூன்றாம் நாள் கார் தயார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் எங்கள் தெருவில் எந்த வண்டியும் பட்டறையை விட்டுப் போகாது. அவன் நான்கு பழங்களையும் என் கையில் கொடுத்தான்.

"பெரியவரு நீங்க வைங்கண்ணே."

வைத்தேன். பையில் வளையம் கனத்தது. டாக்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, "வாப்பா, மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வரலாம்" என்று அவனைக் கூப்பிட்டார்.

"அண்ணன் வரட்டுங்க. அவரு காதுக்குச் சின்ன சத்தம்கூடத் தப்பாது" என்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். மற்றக் கால் எழவில்லை. டாக்டரின் உயிருக்கு நடுங்காத உடம்பு, என் உயிர் என்றதும் நடுங்கியது. பையிலிருந்து வளையத்தை எடுத்து நீட்டினேன்.

"இது... கீழ கெடந்துச்சு."

அவன் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "அதுவா? தேஞ்சிபோச்சுன்னு நான்தாண்ணே வீசுனேன். அளவெடுத்து லேத்துல புதுசு கடஞ்சி போட்டுட்டேன். இன்னா, இதுக்குப் போயி இப்டி வேர்த்துக்கினு..."

பாதியில் நிறுத்தினான். பெருக்கிய தரையைப் பார்த்தான், பிறகு என் சட்டைப் பையை.

"அன்னிக்கே எடுத்தீங்களா?"

மற்றக் காலையும் தூக்கி உள்ளே வைத்தேன்.  நான் உட்கார்ந்ததும் அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

கச்சிராயப்பாளையம் தாண்டி, மலையேறி இறங்கும்வரை சக்கரங்களில் ஒரு முனகல்கூட இல்லை. "ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன்.

மறுநாள் என் புல்லர் டீசலில் கழுவப்பட்டுப் பட்டறை வாசலில் இருந்தது. அந்த வாரமே அவன் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டான்.